ஒற்றைச் சப்பாத்தும் மூன்று யன்னல்களும்

எனக்கு வாய் நீளம் என்று என் கணவர் சொல்லுவார். நான் மறுப்பதில்லை. வாய் நீளமில்லாத பெண்ணுக்கு அரசியலில் என்ன வேலை கிடைக்கும்? தேத்தண்ணி ஊற்றும் வேலைதான். அந்த வேலையையும் நான் மூன்று வருடம் ஒழுங்காகச் செய்தவள்தான். பிறகு ஒரு நாள் வாய் தானாகத் திறந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் சிட்னிக்கு வந்து சேர்ந்தோம். கணவர் இலங்கையில் அரசாங்கப் பொறியியலாளராக இருந்தவர். சிங்களப் பரீட்சை எழுதவில்லை என்று சொல்லி அவருடைய பதவி உயர்வை மூன்று தரம் நிறுத்தினார்கள். நான் யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சர். என்னிடம் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியைக் கூட்டிய தரப்படுத்தல் வந்த பிறகு, நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றதைக் கண்ணால் கண்டேன். எங்கள் ஆட்களுக்கு அந்த நாட்டில் முன்வாசல் இல்லை என்று மனம் வெறுத்துத்தான் விமானம் ஏறினோம்.

இங்கே பரமட்டாவுக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு. கணவருக்கு வரைபடம் கீறும் வேலை. எனக்கு ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளர்களின் கோப்புகளைத் தட்டச்சுச் செய்து அடுக்கும் வேலை. எங்கள் வீதியில் நடைபாதை கிடையாது. மழை பெய்தால் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் சேலைக் கரை முழங்கால்வரை சேறாகிவிடும். ஒரு நாள் தபால்பெட்டிக்குள் ஒரு கட்சியின் துண்டுப்பிரசுரம் கிடந்தது. உள்ளூர்க் கிளைக் கூட்டம், எல்லாரும் வரலாம் என்று போட்டிருந்தது. எல்லாரும் என்றால் நானும்தானே? நடைபாதை கேட்கப் போனேன்.

சாரணர்கள் கூடும் பழைய மண்டபம் ஒன்றில்தான் கூட்டம். பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லாரும் வெள்ளைக்காரர். தலைவர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரிய உருவம். நல்ல மனிதர், சிரித்த முகம். என் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், நாக்குப் புரளவில்லை. அன்றிலிருந்து என்னை "லவ்" என்றே கூப்பிட்டார். இந்த ஊரில் கடைக்காரர் முதல் பஸ் சாரதி வரை எல்லாருக்கும் சொல்லும் அன்பான சொல்தான் அது, குறை சொல்ல முடியாது. அவருக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா இருப்பார். என்னோடு பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, தொண்டை கிழியக் கத்துவார். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ. நான் கல்லூரியில் ஆங்கிலத்தில் திரிகோணகணிதம் படிப்பித்தவள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "வெரி குட்!" என்று அதையும் கத்தித்தான் சொல்லுவார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வெள்ளைக்காரர் பேசியது எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அவர்கள் சொன்னது என் மனதில் கிடப்பது என்னுடைய தமிழில். அப்படியே எழுதுகிறேன்.

முதல் வருடம் தேத்தண்ணி ஊற்றினேன், கடிதவுறைகள் ஒட்டினேன். இரண்டாம் வருடம் செயலாளர் ஒரு கூட்டத்துக்கு வரவில்லை. கூட்டக் குறிப்பு எழுத ஆள் இல்லை. நான் எழுதினேன். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், என்ன தீர்மானம், எத்தனை கை உயர்ந்தது, ஒன்றும் பிசகவில்லை. செயலாளர் அடுத்த கூட்டத்துக்கு வந்து அதை வாசித்துப் பார்த்துவிட்டு, புத்தகத்தை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு பெயர் அவருக்கு, வேலை எனக்கு. எனக்கு அதில் மனவருத்தமும் இல்லை. நடைபாதை விஷயமும் கடிதம் கடிதமாக நகர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வருடம் செயலாளர் வீட்டை விற்றுக் கடற்கரைப் பக்கம் போகப்போவதாகச் சொன்னார். ஆறு வாரத்தில் வருடாந்தக் கூட்டம். புதுச் செயலாளர் வேண்டும். யார் வருவார் என்று தலைவர் கேட்டார். அவரவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனையை வைத்துவிட்டு, "அந்த வேலையை நான் செய்யிறன். இப்பவும் நான்தானே செய்யிறன்" என்றேன்.

தலைவர் செருமினார்.

"லவ், எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நீர் எங்கட குடும்பம் மாதிரி. ஆனா செயலாளர் எண்டா வீடு வீடாய்ப் போகவேணும். வெளியில இருக்கிற சனம் இன்னும் அதுக்குத் தயாரில்லை. ஏதேன் சொல்லிப்போடுவினம். உமக்குத்தான் மனம் நோகும்."

அந்தச் சொற்களை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். கொழும்பில் கணவரின் மேலதிகாரியும் இப்படித்தான், தனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, மேலே இருக்கிறவர்களுக்குத்தான் என்று தோளில் தட்டிச் சொன்னாராம். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி இடம் குடான் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எந்தச் சனம்?" என்று கேட்டேன். "எந்த ரோட்டில இருக்கினம்? அந்த ரோட்டைத் தாங்கோ. நான் போய்க் கேக்கிறன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். "மேட்டு ரோட்டுக்குப் போய்ப் பாரும். பத்து வருசமாய் அங்க ஒரு யன்னலிலயும் எங்கட வேட்பாளரின்ர படம் தொங்கினதில்லை. எங்களையே நாயை விட்டுக் கலைக்கிற சனம்."

"தொங்கினால்?"

"தொங்கினால், லவ், உம்மட பேரை நானே முன்மொழியிறன்!"

இன்னும் சிரிப்பு. நான் பேனையை எடுத்தேன். மேட்டு ரோட்டில் ஒரு யன்னலில் படம் தொங்கினால் தலைவரே இன்னாரின் பெயரை முன்மொழிவார் என்று புத்தகத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தேன். "எழுதிப்போட்டன்" என்றேன். அதையும் பகிடி என்றுதான் நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாய்ப் போகப்போகுது."

"கைவிடேல்லை. உங்களைத்தான் கார் ஓட்டக் கூட்டிக்கொண்டு போறன்."

அவர் சிரிக்கவில்லை. "இஞ்சேர், நாங்கள் வந்து குடியேறின ஆக்கள். வேலைக்குப் போனமா, வந்தமா எண்டு இருப்பம். அங்க பட்டது காணாதே உமக்கு?"

"அங்க பட்டதாலதான் கேக்கிறன். முன்வாசல் இல்லாத நாட்டை விட்டுட்டு வந்தனாங்கள். இஞ்சையும் பின்வாசல் எண்டா இனி எங்க போறது, சந்திரனுக்கோ?"

அவர் பேப்பரை மறுபடி விரித்தார். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த மண்டபத்திலும் தோற்றால் நான் இனி எந்த மண்டபத்துக்கும் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு, உழைத்து, சாப்பிட்டு, வாய் மூடிச் சாகும் ஒருத்தியாகிவிடுவேன். அந்த ஒருத்தியை நினைத்துத்தான் பயந்தேன்.

மாநிலத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு சனிக்கிழமை காலை, குளிர் இன்னும் விடவில்லை. சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை, பரமட்டாவில் வாங்கிய புதுச் சப்பாத்து, கக்கத்தில் சுருட்டிய படங்கள். மேட்டு ரோட்டின் அடியில் கணவர் காரை நிறுத்தினார். "நான் இதுக்குள்ளயே இருக்கிறன். கத்தினா வாறன்" என்று பேப்பரை விரித்தார். முப்பத்தொரு வீடு. நான் ஏறத் தொடங்கினேன்.

மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்த பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். "கால் நோகுதோ?" என்றாள். குனிந்து பார்த்தால் நான் வெறுங்காலோடு நிற்கிறேன்! சப்பாத்து இரண்டும் கீழ்ப்படியில் சோடியாக இருக்கிறது. எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. ஒருவருடைய வாசற்படியில் ஏறுமுன் கால் தானாகச் சப்பாத்தை விட்டுவிடும், பிறந்த நாளிலிருந்து வந்த பழக்கம். இனிக் கழற்றக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் கழற்றியிருந்தேன். சீமெந்துப் படி பனிக்கட்டிபோலக் குளிர்ந்தது.

யன்னல் கேட்டால் ஒருவரும் தருவதாக இல்லை. ஏழு வீட்டில் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. ஒரு கிழவர் நான் ஏதோ பஞ்ச நிவாரணத்துக்குச் சேர்க்க வந்தவள் என்று நினைத்து, உள்ளே போய் ஒரு டின் பீச் பழம் கொண்டுவந்து தந்தார். "எனக்குப் பழம் வேண்டாம் ஐயா, யன்னலில கொஞ்சம் இடம் தாங்கோ" என்றதும் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டார். டின் என் கையிலேயே இருந்தது. இன்னொருத்தர், "உங்கட கட்சிக்கு வெள்ளை ஆக்கள் முடிஞ்சு போச்சினமோ?" என்று கேட்டார். "இல்லை, நிறைய இருக்கினம். ஆனா அவைக்கு உங்களைக் கண்டாப் பயமாம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. நடக்கும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

கடைசி வீடு மேட்டின் உச்சியில். முன்முற்றத்தில் ஒரு நாய்க்கூடு, அதற்குள் மண்ணிறத்தில் ஒரு நாய். அது என்னைக் கண்டு குரைக்கவில்லை, வாலைத்தான் ஆட்டியது. குரைத்தது வீட்டுக்காரர்தான். அறுபது வயது இருக்கும், உள்பனியனோடு வந்தார். நான் வாய் திறக்குமுன்னே தொடங்கிவிட்டார்.

"உங்கட ஆக்களுக்குக் கதவைத் திறந்து விட்டாங்கள், இப்ப ஊரே எங்கட இல்லை. இனி எங்களுக்கு வோட்டு எப்பிடிப் போடுறதெண்டும் நீ வந்து சொல்லுவியோ? வந்த இடத்துக்குத் திரும்பிப் போ!"

கதவு அடித்துச் சாத்தப்பட்டது. நான் திரும்பினேன். கீழ்ப்படியில் ஒரு சப்பாத்துத்தான் இருந்தது. மற்றதையும் காணோம், நாயையும் காணோம்.

அட கோதாரி! ஒரு கையில் பீச் டின், கக்கத்தில் முப்பது படம், காலில் ஒன்றுமில்லை. அந்தப் படியிலேயே குந்திவிட்டேன். அழுகை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு நினைவில் வந்தது வேறொரு படி. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் படி. பனை ஏறும் ஒருவர் வேலைக்கு வருவார். வேலை முடித்து அந்தப் படிக்கு வெளியேதான் நிற்பார். அவர் தண்ணீர் குடிக்க என்று ஒரு தனிப் பேணி கிணற்றடியில் கவிழ்த்துக் கிடக்கும். நான் அதில் எத்தனை தரம் தண்ணீர் வார்த்துக் கொடுத்திருக்கிறேன்! படித்தவள், ரீச்சர், அநியாயம் அநியாயம் என்று சிங்கள அரசாங்கத்தைத் திட்டியவள். ஒரு நாளாவது "உள்ளுக்கு வாங்கோ" என்று அவரைக் கூப்பிட்டேனா? இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டிருந்தால், எனக்கு ஒன்றும் இல்லை, ஊர்ச் சனம்தான் ஏற்காது என்று நானும் சொல்லியிருப்பேன். தலைவர் சொன்ன அதே சொல்.

என் முகம் எரிந்தது. ஆனால் அந்த எரிவோடு இன்னொன்றும் விளங்கியது. அன்று கூப்பிடாத நான் இன்று வெட்கப்படுகிறேன் என்றால், நான் மாறியிருக்கிறேன். நான் மாறலாம் என்றால் இந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறவர் மட்டும் கல்லா? எழும்பிப் போய் மறுபடி மணியை அடித்தேன்.

"இன்னும் போகேல்லையோ நீ!"

"எப்பிடிப் போறது? உங்கட நாய் என்ர சப்பாத்தைக் கொண்டுபோட்டுது."

அவர் என் காலைப் பார்த்தார். "சப்பாத்தை ஏன் கழட்டினனீ?"

"ஒராளின்ர வீட்டுப் படியில ரோட்டு ஊத்தையோட ஏறக்கூடாது. எங்களுக்கு அது மரியாதை. நீங்கள் என்னைப் பேசேக்கையும் நான் உங்கட வீட்டுக்கு மரியாதை குடுத்துத்தான் நிண்டனான். நீங்கள் சப்பாத்தோட நிண்டு பேசினியள்."

அவருடைய கழுத்து சிவந்தது. உள்ளே போனார், கதவு சாத்தப்படவில்லை. ஒரு சோடி கம்பளிக் காலுறையோடு வந்து, "இதைப் போடு, குளிரும்" என்று நீட்டினார். பிறகு இருவரும் தேடினோம். வீட்டுக்குக் கீழே, தக்காளிப் பாத்திக்குள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அவர் முழங்காலில் நின்று நாயைத் திட்டிய திட்டு இருக்கிறதே, எழுத முடியாது. இடையில் தன் கதையையும் சொன்னார். தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தாராம், ஒரு நாள் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். "அந்தக் கடிதத்தில கையெழுத்து வைச்சது என்னைப்போல ஆளோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றார்.

எலுமிச்சை மரத்தடியில் சப்பாத்து கிடைத்தது. குதிப்பக்கம் முழுக்க நாய் சப்பித் துப்பியிருந்தது. அவர் காசு தர வந்தார். "காசு வேண்டாம். யன்னலைத் தாங்கோ" என்றேன்.

"உங்கட கட்சிக்கு நான் சாகுமட்டும் போடமாட்டன்."

"வோட்டுக் கேக்கேல்லை. யன்னல்தான் கேக்கிறன்."

"யன்னலும் இல்லை" என்றார். ஆனால் கேற்றடி வரை வந்தார். பீச் டினை அவருடைய நாயின் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினேன்.

காருக்குள் ஏறியதும் கணவர் என் காலைப் பார்த்தார். ஆம்பிளைக் காலுறை, அதற்கு மேல் ஒரு நல்ல சப்பாத்து, ஒரு சப்பிய சப்பாத்து. முழுவதையும் சொன்னேன். ஒரு யன்னலும் இல்லை என்று சொல்லும்போது மறுபடி அழுதேன். அவர் காரை எடுக்கவில்லை. "அடுத்த சனியும் வருவம்" என்றார்.

"உங்களுக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ?"

"நான் காருக்குள்ள இருக்கமாட்டன். நீர் போய்க் கதையும். நான் சப்பாத்துக்குக் காவல்."

பதவி உயர்வுக்காக ஒரு தரம்கூடக் குரல் உயர்த்தாத மனிதர் என் சப்பாத்துக்குக் காவல் நிற்க வந்தார். கலியாணம் கட்டின நாளில்கூட எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மேட்டு ரோடு வேறு ரோடாக இருந்தது. உச்சி வீட்டு மனிதர் சும்மா இருக்கவில்லை! நாய் சப்பாத்தைத் தூக்கின கதையை அவர் கடையில் சொல்ல, கடைக்காரி வீதி முழுக்கச் சொல்லியிருக்கிறாள். முதல் வீட்டிலேயே, "நீங்கள்தானோ அந்தச் சப்பாத்து லேடி?" என்று கதவு திறந்தது. போன கிழமை திரை அசைத்த வீடுகளிலும் திறந்தது. எல்லாரும் முதலில் என் காலைப் பார்த்தார்கள், பிறகு கேற்றடியில் என் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கும் என் கணவரைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். சிரித்த வாயால் திரும்பிப் போ என்று சொல்வது கஷ்டம். கால் நோகிறதா என்று கேட்ட பெண் தன் முன்யன்னலைத் தந்தாள். ஒரு இளம் சோடி தாங்கள் சமைக்கிற குசினியின் யன்னலைத் தந்தது. டின் பீச் கொடுத்த கிழவர் கதவைத் திறந்து, "நான் அண்டைக்குப் பிழையாய் விளங்கிப்போட்டன், மன்னிக்கவேணும்" என்று சொல்லித் தானே படத்தை வாங்கி ஒட்டினார். மூன்று வீட்டு இலக்கத்தையும் குறித்துக்கொண்டேன்.

உச்சிக்குப் போனோம். யன்னல்கள் வெறுமையாகத்தான் இருந்தன. ஆனால் நாய்க்கூட்டின் நெற்றியில், நாலு பக்கமும் ஆணி அடித்து, எங்கள் வேட்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார். போன தடவை சப்பாத்துத் தேடும்போது நான் விழுத்திவிட்டுப் போன படம்.

"யன்னல் என்ர. அது தரமாட்டன்" என்றார் மனிதர். "சப்பாத்தைத் தூக்கினது நாய். நாய் தண்டனை அனுபவிக்குது."

வருடாந்தக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தச் சப்பின சப்பாத்தையே போட்டுக்கொண்டு போனேன். செயலாளர் தெரிவு வந்தது. நான் எழும்பி, பழைய குறிப்பை வாசிக்க அனுமதி கேட்டு வாசித்தேன். தலைவரின் வாக்குறுதி, கீழே கோடு. தலைவர் கதிரையில் நெளிந்தார். அவருக்கும் செய்தி எட்டியிருந்தது.

"லவ், நானும் கேள்விப்பட்டனான். நாய்க்கூட்டில ஒட்டியிருக்காம்! நாய்க்கூட்டுக்கு யன்னல் இல்லையே."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நான் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம். நாய்க்கூடு கணக்கில்லை. அதை விடுங்கோ. யன்னல் மூண்டு" என்று மூன்று வீட்டு இலக்கத்தையும் வாசித்தேன்.

சிரிப்பு நின்றது. தலைவர் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "நல்ல வேலை, நல்ல வேலை... ஆனா லவ், வெளியில இருக்கிற சனம்..." என்று மறுபடி தொடங்கினார். என் பொறுமை அத்தோடு முடிந்தது.

"வெளியில இருக்கிற சனத்தை நான் பாத்திட்டன். முப்பத்தொரு வீட்டு வாசலில வெறுங்காலோட நிண்டு பாத்திட்டன். அந்த மேட்டு மனிசன் என்ர முகத்துக்கு நேரே கத்தினவர், பிறகு எனக்குக் காலுறை தந்தவர். நீங்கள் ஒருநாளும் கத்தினதில்லை. மூண்டு வருசமாய் அன்பாய் லவ் எண்டு கூப்பிட்டு, என்னைக் குசினி வாசலில நிப்பாட்டி வைச்சிருக்கிறியள். வெளியில ஒருத்தரும் இல்லை, ஐயா. சாத்தியிருக்கிற கதவு இந்த மண்டபத்துக்குள்ளதான் இருக்கு."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். தலைவரின் முகம் நெருப்பாய்ச் சிவந்தது. எழும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். போகவில்லை. தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பினார்.

"முன்மொழிய முழுப் பேர் வேணும்" என்றார். "எனக்கு உம்மட பேர் சொல்லத் தெரியாது. மூண்டு வருசமாய்த் திரும்பக் கேக்கவும் இல்லை. சொல்லித்தாரும்."

நான் சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார், பிழைத்தது. மறுபடி சொன்னேன். மறுபடி பிழைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நாலாம் தரம், வியர்த்துக்கொண்டு, என் அப்பாவின் பெயரையும் சேர்த்து முழுதாகச் சொல்லி என்னை முன்மொழிந்தார்.

வழிமொழிய ஆள் வேண்டும். நான் எவரையும் பார்க்கவில்லை. அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "நான் வழிமொழியிறன்." அந்தக் கத்துகிற அம்மா! ஆனால் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதுபோல், சாதாரணக் குரலில் சொன்னார். அந்தக் குரல் அவருக்கு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கைகள் உயர்ந்தன. தலைவரின் கைதான் முதலில் உயர்ந்தது. மனிதர் உள்ளுக்குள் எவ்வளவு மாறினார் என்று எனக்குத் தெரியாது. கை உயர்ந்ததை என் கண்ணால் கண்டேன்.

தேர்தலன்று மேட்டு மனிதர் நாயோடு வாக்களிக்க வந்தார். பள்ளிக்கூட வாசலில் நான் துண்டு கொடுத்துக்கொண்டு நின்றேன். "உங்களுக்குப் போடமாட்டன்" என்றார். "தெரியும்" என்றேன். துண்டை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் நான் செயலாளர் கதிரையில் இருந்தேன். எந்தக் கூட்டமானாலும் முதல் வேலை, போன கூட்டத்தின் குறிப்பை உரத்து வாசித்து, சரிதானா என்று சபையிடம் கேட்பது. சபை சரி என்றால்தான் அது நடந்தது நடந்ததுதான் என்று நிலைக்கும். நான் புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். என் கையெழுத்தில் என் பெயர், என் அப்பாவின் பெயர், ஒரு எழுத்தும் குறையாமல். பின்வரிசையில் கணவர் இருந்தார், அன்றைக்குத்தான் கட்சியில் சேர்ந்திருந்தார்.

"செயலாளர் வாசிச்ச குறிப்பு சரியோ?" என்று தலைவர் கேட்டார். கேட்டபோது என் பெயரைச் சொல்லித்தான் கேட்டார், பிழைக்கவில்லை.

"சரி" என்றது மண்டபம்.